மோட்டாரின் காலை இருமல்

மனிதன் காலையில் எழுந்ததும் இருமுகிறான், தும்முகிறான், தொண்டையைக் கனைக்கிறான். ஒரு டம்ளர் காப்பி உள்ளே போன பிறகு, இந்த மனிதனா அப்படியெல்லாம் சப்தம் போட்டான் என்று ஆச்சரியப்படும்படி சாந்த ஸ்வரூபியாகிவிடுகிறான். இதற்காக யாரும் வைத்தியரிடம் ஓடுவதில்லை. ஆனால் அதே இருமல் நாள் தவறாமல், ஒரே இடத்திலிருந்து, ஒரே மாதிரி வந்துகொண்டிருந்தால், "ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடேன்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லத் தொடங்குகிறார்கள். மோட்டார் வண்டியின் விஷயமும் ஏறக்குறைய இதுதான். அதிலும் ஒருவர் கை மாறி வந்த பழைய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கேட்கவே வேண்டாம்.

இந்த விஷயத்தை ஆராய்வதற்கு ஓசூரைவிடப் பொருத்தமான ஊர் தமிழ்நாட்டில் இல்லை என்பது நமது அபிப்பிராயம். உதகமண்டலத்தில் குளிர் உண்டு. வேகமாக ஓட்ட நேரான சாலை கிடையாது. சென்னையில் உயர்ந்த கார்கள் உண்டு; குளிர் கிடையாது. ஓசூரிலோ இரண்டும் உண்டு. கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். மார்கழி, தை மாதங்களில் விடியற்காலை உஷ்ணம் சில நாள் 15 டிகிரிக்கும் கீழே போய்விடும். வடமேற்கே நாற்பது கிலோமீட்டர் போனால் பெங்களூர். அங்கே கை நிறையச் சம்பாதிக்கும் கனவான்கள் ஆசையுடன் வாங்கி, சில வருஷங்களில் அலுத்துப்போய் விற்றுவிடும் வண்டிகளில் சில, ஜூஜூவாடி எல்லையைக் கடந்து நம் பக்கம் வந்துவிடுகின்றன.

வாங்குகிறவர்களும் இங்கே தயாராக இருக்கிறார்கள். 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை உருவாகத் தொடங்கியதிலிருந்து இந்தப் பிரதேசத்தின் காற்றிலேயே யந்திர எண்ணெயின் வாசனை கலந்துவிட்டது. அசோக் லேலண்ட் லாரிகளும், 1980-இல் வெளிவந்த டி.வி.எஸ். 50 என்னும் சின்னஞ்சிறு மோபெட்டும், டைட்டான் கைக்கடிகாரங்களும் இங்கே பிறந்தவைதாம். ஆகவே, ஸ்பானரைக் கையில் பிடித்த வாலிபன் எவனுக்கும், ஒரு நாள் தானும் ஒரு பந்தயக் கார் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை எழுவது சகஜமே.

நமது தெருவிலும் அப்படி ஒரு வாலிபர் இருக்கிறார். தொழிற்சாலையில் நல்ல உத்தியோகம். வீட்டில் அவரும் தாயாரும் மட்டுமே. சென்ற கார்த்திகையில் அவர், இரண்டே பேர் உட்காரக்கூடிய, பன்னிரண்டு வயது நிரம்பிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை எல்லைக்கு அப்பாலிருந்து வாங்கி வந்தார். நான்கு வருஷத்துச் சேமிப்பு அதில் போயிற்று என்று தாயார் சொன்னார். வண்டி பார்க்க அழகுதான், சிவப்பு வர்ணம், தரையோடு தரையாக ஊர்கிற தோற்றம். ஆனால் முதல் ஷிப்டுக்காக விடியற்காலை ஐந்தரை மணிக்கு அவர் அதைக் கிளப்பும்போது, முதலில் ஓர் உறுமல் எழும்பும். உடனே பின்புறமிருந்து 'புஸ்' என்று ஒரு சீறல். அதற்கு மேல் முன்புறத்தில் 'டிக் டிக் டிக்' என்று இடைவிடாத தட்டல். நடுவே ஒரே ஒரு 'டுமீல்'. இரண்டு மூன்று நிமிஷம் கழிந்தால் எல்லாம் அடங்கி, வண்டி சாதுப் பூனையாகிவிடும்.

இதைக் குறித்துத் தெரு மூன்று கட்சியாகப் பிரிந்தது. "ஸ்போர்ட்ஸ் கார் என்றால் அப்படித்தான் இருக்கும், அதுதான் அதன் கம்பீரம்" என்றது வாலிபரின் நண்பர் கட்சி. "பையன் ஏமாந்துவிட்டான், வண்டி பழைய இரும்புக்குத்தான் லாயக்கு" என்றது பென்ஷன்காரர் கட்சி. மூன்றாவது கட்சியில் ஒரே ஒருவர்தான். அவர் எதிர் வீட்டில் குடியிருப்பவர். ராத்திரி ஷிப்டு முடிந்து ஐந்து மணிக்குத்தான் தலையைச் சாய்ப்பவர். காரைப் பற்றி அவருக்கு அபிப்பிராயம் எதுவும் இல்லை. தூக்கம் வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

பள்ளிக்கூடத்தில் பௌதிகம் சொல்லிக் கொடுக்கிற குற்றத்துக்காக, பஞ்சாயத்து நம்மிடம் வந்து சேர்ந்தது. ஓசூர் வழக்கப்படி தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று பாஷைகளிலும் வண்டிகளைத் திட்டத் தெரிந்த ஒரு முதிய மெக்கானிக்கைத் துணைக்கு அழைத்துக்கொண்டோம். விசாரித்துப் பார்த்ததில், மூன்று கட்சியாரும் சொன்னதில் உண்மை இருந்தது. ஏனென்றால் குளிர்ந்த கார் போடும் சப்தத்தில் மூன்று ஜாதி உண்டு: இயற்கையானது ஒன்று; நோயினால் வருவது ஒன்று; டம்பத்தினால் வருவது ஒன்று. இவற்றைப் பிரித்து அறியத் தெரியாதவர்கள்தாம் நல்ல வண்டியை விற்றுவிடுகிறார்கள். கெட்ட வண்டியை வாங்கிவிடுகிறார்கள்.

முதலில் இயற்கையைப் பார்ப்போம். பெட்ரோல் திரவமாக இருக்கும்போது எஞ்சினுக்குள் சரியாக எரியாது. ஆவியாகிக் காற்றோடு கலந்தால்தான் எரியும். எடைக் கணக்கில் பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு என்பது சரியான விகிதம். ஆனால் குளிர்ந்த இரும்பில் பட்ட பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவரில் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. அதற்கு ஈடாக, கிளப்பும்போது அதிகப் பெட்ரோல் விட வேண்டியிருக்கிறது. அந்தக் காலத்து வண்டிகளில் இதற்காகவே 'சோக்' என்று ஒரு குமிழ் இருந்தது. அதை இழுத்துவிட்டு, மறந்துபோய், கறுப்புப் புகை விட்டுக்கொண்டே கடைவீதி வரையில் போனவர்கள் பலர். இக்காலத்தில் இந்த வேலையைக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. அதிகப் பெட்ரோல் குடித்த எஞ்சின், வழக்கத்துக்கு அதிகமான வேகத்தில், நிமிஷத்துக்கு ஆயிரத்து இருநூறு சுற்று, சிலவற்றில் அதற்கு மேலும் சுற்றுகிறது. இதுவே அந்த உறுமலின் முதல் காரணம்.

இரண்டாவது காரணம் இன்னும் ஸ்வாரஸ்யமானது. புகைக்குழாயின் நடுவில் 'காடலிடிக் கன்வெர்ட்டர்' என்று ஒரு டப்பா உண்டு. தேன்கூடு போன்ற அதன் அறைகளில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கும். புகையிலுள்ள விஷ வாயுக்களை அவை தீங்கற்றவையாக மாற்றும். அமெரிக்காவில் 1975-ஆம் வருஷத்து மாடல் கார்களில் இது பரவலாக வந்தது. நமது நாட்டில் 1995 ஏப்ரல் முதல், நான்கு மகாநகரங்களில் விற்கப்பட்ட புதிய பெட்ரோல் கார்களுக்குக் கட்டாயமாயிற்று. ஆனால் இந்த டப்பாவுக்கு ஒரு சோம்பேறித்தனம் உண்டு. ஏறக்குறைய 250, 300 டிகிரி சூடு ஏறும் வரையில் அது வேலை செய்யாது.

ஆகவே அதை அவசரமாகச் சூடேற்ற, கம்ப்யூட்டர் ஒரு தந்திரம் செய்கிறது. தீப்பொறியை வேண்டுமென்றே சற்றுத் தாமதமாக விழச் செய்கிறது. எரிந்து முடியாத வாயு, வாசல் திறந்ததும் சூட்டோடு சூடாகப் புகைக்குழாய்க்குள் பாய்கிறது. வண்டியைத் தள்ள வேண்டிய சக்தி டப்பாவைச் சுடவைக்கப் போகிறது. குழாயின் குரல் கட்டைக் குரலாவது இதனால்தான். போர்ஷே, ஆடி முதலிய ஜெர்மானிய வண்டிகள் பலவற்றில், இதற்கும் மேலே, புகைக்குழாய்க்குள் புதுக் காற்றை ஊதுவதற்குத் தனியாக ஒரு சிறு பம்பும் உண்டு. குளிர்ந்த வண்டியைக் கிளப்பியதும் ஒரு நிமிஷம், ஒன்றரை நிமிஷம் வரையில், வீடு கூட்டும் மின்சார யந்திரத்தைப் போல 'ஹூம்' என்று முனகிவிட்டுத் தானே நின்றுவிடும். இதைக் கேட்டுப் பயந்து எஞ்சினையே பிரித்துப் போட்டவர்களும் உண்டு.

மூன்றாவது காரணம் சங்கீதத்தைச் சேர்ந்தது. நாகஸ்வர வித்வான் கச்சேரிக்கு முன்னால் வாத்தியத்தை ஊதிப் பார்ப்பது சுருதி சேர்ப்பதற்காக மட்டுமல்ல. குழலுக்குள் இருக்கும் காற்றைச் சூடாக்குவதற்காகவுந்தான். குழலில் காற்று சூடானால் சுருதி ஏறும். 20 டிகிரி உஷ்ணமுள்ள காற்றில் சப்தம் விநாடிக்கு 343 மீட்டர் ஓடுகிறது. 400 டிகிரியில் அதுவே 500 மீட்டரைத் தாண்டிவிடும். குளிர்ந்த புகைக்குழாய் மந்தர ஸ்தாயியில் அதிர்வதும், சூடு ஏற ஏறக் குரல் மாறுவதும் இந்தக் கணக்கின்படியே. அதற்கு வண்டியில் கோளாறு தேட வேண்டியதில்லை.

இன்னொன்று தண்ணீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது என்று சொன்னால் நமது வகுப்புப் பிள்ளைகள் நம்ப மறுக்கிறார்கள். ஆனால் அதுதான் உண்மை. சூடான குழாயில் அது கண்ணுக்குத் தெரியாத ஆவியாகப் போய்விடும். குளிர்ந்த குழாயில் திவலைகளாகத் தங்கி, 'களக் களக்' என்று கொப்பளித்து, பின்புறம் சொட்டும். வெள்ளை ஆவியும் எழும். சூடேறியதும் நின்றுவிட்டால் கவலையில்லை. நிற்காமல் வெள்ளைப் புகை வந்துகொண்டே இருந்து, அதில் தித்திப்பான வாசனையும் அடித்தால், ரேடியேட்டர் தண்ணீர் எஞ்சினுக்குள் கசிகிறது என்று அர்த்தம். அது பெரிய வைத்தியம்.

பின்புறக் குழாய்களில் மூடி திறக்கும் வால்வு வைத்த ஸ்போர்ட்ஸ் கார்களும் உண்டு. அவற்றில் சில, கிளப்பியவுடன் வாயை முழுவதும் திறந்து கர்ஜித்துவிட்டு, பிறகு மூடிக்கொள்ளும்படி கம்பெனியிலேயே அமைத்திருக்கிறார்கள். இதுவரையில் சொன்னவை எல்லாம் நண்பர் கட்சிக்குச் சாதகமான சாட்சியங்கள்.

இனி நோயைப் பார்ப்போம். குளிரில் கேட்டு, சூட்டில் மறையும் நோய் ஒன்று உண்டு. 'தானே சரியாகிவிடுகிறதே' என்று மனிதரைத் தூங்க வைப்பதனால் இதுதான் மிகவும் கபடமானது. அந்த 'டிக் டிக்' ஓசை இந்த ஜாதி. எஞ்சினையும் புகைக்குழாயையும் இணைக்கிற இடத்தில் 'மானிபோல்டு' என்ற பல கிளைக் குழாய் இருக்கிறது. நடுவே காஸ்கெட் என்ற தகடு. சூட்டில் விரிந்து, குளிரில் சுருங்கி, நாளடைவில் காஸ்கெட் நைந்துபோகிறது. அல்லது குழாயிலேயே மயிரிழை வெடிப்புக் கண்டுவிடுகிறது. அல்லது போல்ட்டு ஒன்று முறிந்துவிடுகிறது. ஒரு மீட்டர் நீளமுள்ள எஃகுக் குழாய் 400 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் நீளுகிறது. மயிரிழைச் சந்தை அடைப்பதற்கு அது தாராளமாகப் போதும். குளிர்ந்திருக்கும்போது ஒவ்வொரு வெடிப்புக்கும் ஒரு துளி வாயு அந்தச் சந்து வழியே பீறிட்டு 'டிக்' என்கிறது, சூடானதும் சந்து மூடிக்கொள்கிறது, சப்தமும் மறைகிறது. நோய் மறைந்துவிடவில்லை, ஒளிந்துகொண்டிருக்கிறது.

'டுமீல்' என்பது வேறு சமாசாரம். ஒரு ஸிலிண்டரில் தீப்பொறி தவறினால், எரியாத பெட்ரோல் அப்படியே குழாய்க்குள் போய், அங்கே தீப்பற்றி வெடிக்கிறது. ஸ்பார்க் பிளக்கோ, இக்னிஷன் காயிலோ, பெட்ரோல் தூவும் இன்ஜெக்டரோ காரணமாக இருக்கலாம். சில நூறு ரூபாயில் தீரக்கூடிய இந்தக் கோளாறைக் கவனிக்காமல் விட்டால், எரியாத பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் எரிந்து, அந்தத் தேன்கூட்டை உருக்கிவிடும். உடைந்த தேன்கூடு டப்பாவுக்குள் கூழாங்கல் குலுக்குவது போலக் 'கலகல'வென்னும். அதற்குப் பிறகு செலவு ஆயிரங்களில் நிற்காது.

தகர டப்பாவை உரசுகிற மாதிரி 'ஜிர்ர்' என்று கேட்டால், உஷ்ணம் தாக்காமல் மறைக்கிற மெல்லிய தகடு கழன்றிருக்கிறது. ஒரு கிளிப்பில் தீரும். புகைக்குழாய்ச் சப்தம் என்று நாம் நினைப்பது சில சமயம் புகைக்குழாயையே சேர்ந்திருக்காது. ராத்திரி முழுவதும் கீழே வடிந்துவிட்ட எண்ணெய் மேலே ஏறும் வரையில் டாப்பெட்டுகள் சில விநாடி தட்டும். அது பொறுத்துக்கொள்ளத் தக்கது. ஆனால் டைமிங் செயின் தளர்ந்து சங்கிலி குலுக்குவது போலச் சப்தமிட்டால், அன்றைக்கே வண்டியை நிறுத்திவிட வேண்டும். செயின் நழுவினால் எஞ்சின் போயிற்று.

நமது மெக்கானிக் செய்த பரிசோதனை மிகவும் எளிமையானது. குளிர்ந்த வண்டியைக் கிளப்பச் சொல்லி, தடித்த துணியை மடித்து, பின்குழாயின் வாயை இரண்டு விநாடி அழுத்திப் பிடித்தார். உள்ளே நெருக்கடி ஏற்பட்டதும், மறைந்திருந்த சந்து 'உஸ்' என்று தன் இருப்பிடத்தைத் தானே காட்டிக் கொடுத்துவிட்டது. விளக்கைப் பிடித்துப் பார்த்தபோது, முதல் ஸிலிண்டரின் இணைப்பில் திருஷ்டிப்பொட்டு வைத்தது போலக் கரி படிந்திருந்தது. காஸ்கெட்டு நைந்து, ஒரு போல்ட்டும் முறிந்திருந்தது. உறுமல் இயற்கை, தட்டல் நோய், வெடி, கிழடு தட்டிய ஒரு பிளக்கின் வேலை.

இதுவரையில் பணத்தைப் பற்றிய பேச்சு. இனிச் சொல்லப் போவது உயிரைப் பற்றியது. நேயர்கள், முக்கியமாக வீட்டுப் பெண்மணிகள், சிறிது கவனித்து வாசிக்க வேண்டும்.

அந்த வாலிபரின் தாயார் வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் மகனுடன் அந்தக் காரில் ஏறி, கோயிலுக்குப் போவது வழக்கம். போய் வந்தால் தலைவலி. "வயசாச்சு, பனி ஒத்துக்கொள்ளவில்லை" என்று சுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். மெக்கானிக் கரிப்பொட்டைக் காட்டிவிட்டு, முதலில் கேட்ட கேள்வி, "வண்டியில் யாருக்காவது தலைவலி வருகிறதா?" என்பதுதான். வாலிபரின் முகம் வெளுத்துவிட்டது.

விஷயம் இதுதான். பெட்ரோல் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு என்னும் வாயு உண்டாகிறது. அதற்கு நிறம் இல்லை, மணம் இல்லை, கண்ணைக் கரிக்காது, இருமல் வராது. நமது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன், பிராண வாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக அது ஒட்டிக்கொள்கிறது. தலைவலி, மயக்கம், வாந்தி உணர்ச்சி, பிறகு தூக்கம். அந்தத் தூக்கத்திலிருந்து எழுந்திராதவர்கள் உண்டு. குளிர்ந்த எஞ்சினில் பெட்ரோல் அதிகம், கன்வெர்ட்டரும் விழித்துக்கொள்ளவில்லை. ஆகவே அந்த முதல் சில நிமிஷங்களில்தான் வண்டி அதிக விஷத்தைக் கக்குகிறது. அப்போதுதான் சந்தும் திறந்திருக்கிறது. எஞ்சின் அறையில் கசிந்த புகை, கண்ணாடிக்கு அடியிலுள்ள காற்றுத் துவாரத்தின் வழியாக, உட்கார்ந்திருப்பவர்களின் மூக்குக்கே வந்து சேர்கிறது. குளிருக்காகக் கண்ணாடிகளையும் ஏற்றிவிட்டிருக்கிறோம்!

ஆகையால் மூடிய ஷெட்டுக்குள் கார் எஞ்சினைக் கிளப்பிச் சூடாக்குவது எந்தக் காலத்திலும் கூடாது. கதவைத் திறந்து வைத்திருக்கிறோமே என்பது சமாதானம் அல்ல. வண்டியை வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். நின்ற இடத்திலேயே பத்து நிமிஷம் சூடாக்குவதும் இக்காலத்து வண்டிகளுக்குத் தேவையில்லை. அரை நிமிஷம் பொறுத்து, மெதுவாக ஓட்டிப் போனாலே சீக்கிரம் சூடேறும். புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இருக்கிறதே என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அந்தப் பரிசோதனை சூடான எஞ்சினில் செய்யப்படுவது. காலை இருமலைப் பற்றி அந்தக் காகிதம் எதுவும் சொல்லாது.

மூன்றாவது ஜாதி, டம்பம். நல்ல சைலென்ஸரை அறுத்தெறிந்துவிட்டு, வெறுங்குழாயைப் பொருத்தி, போகும் வழியெல்லாம் வெடிக்கும்படி கம்ப்யூட்டரையும் மாற்றி எழுதுகிற வாலிபர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ரீவ்ஸ் சகோதரர்கள் எஞ்சினின் சப்தத்தை அடக்கும் சாதனத்துக்கு 1897-லேயே உரிமைப் பட்டயம் பெற்றார்கள். சப்தம் வேண்டாம் என்று உலகம் தீர்மானித்து ஒரு நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. நம்மவர் சிலருக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லை போலும்! மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-ஆவது பிரிவு, 2019-ஆம் வருஷத்துத் திருத்தத்துக்குப் பிறகு, சப்தத்திலும் புகையிலும் வரம்பு மீறுகிறவருக்கு முதல் தடவையே 3 மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டுமே விதிக்க இடம் கொடுக்கிறது. 2000-ஆம் வருஷத்துச் சப்த விதிகளின்படி ராத்திரி என்பது பத்து மணியிலிருந்து காலை ஆறு மணி வரையில். ஐந்தரை மணி என்பது நமக்கு விடியற்காலை. சட்டத்துக்கு அது ராத்திரி. எதிர் வீட்டுத் தொழிலாளிக்கும் அப்படியே. இரவெல்லாம் கண் விழித்து யந்திரத்தோடு போராடிவிட்டு வந்தவனின் தூக்கத்தைக் கலைத்துத்தான் ஒருவருடைய கம்பீரம் நிலைக்க வேண்டுமா? கர்ஜித்தே தீர வேண்டும் என்பவர்களுக்கு, ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையிலும், கோயம்புத்தூருக்கு அருகே செட்டிபாளையத்திலும் பந்தயப் பாதைகள் இருக்கின்றன. அங்கே போய் வேண்டிய மட்டும் கர்ஜிக்கலாம்.

நமது வாலிபர் இந்த ஜாதியைச் சேர்ந்தவர் அல்ல. அவர் வண்டியிலிருந்த வால்வு திறந்தே இறுகிப் போயிருந்ததால்தான் உறுமல் அத்தனை உரத்துக் கேட்டது என்பது பிறகு தெரிந்தது. அதையும் சரிசெய்துகொண்டார். காஸ்கெட்டு மாற்றிய பிறகு தாயாருக்குத் தலைவலியும் வரவில்லை.

இவ்வளவையும் வாங்குவதற்கு முன்பே கண்டுபிடித்திருக்க முடியாதா என்று நேயர்கள் கேட்கலாம். முடியும். தானமாக வந்த மாட்டைத்தான் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது. பணம் கொடுத்து வாங்குகிற மாட்டை அவசியம் பார்க்க வேண்டும். பழைய காருக்குப் பல் என்பது அதன் குளிர்ந்த எஞ்சின். "பத்து மணிக்கு வாருங்கள், வண்டி தயாராக இருக்கும்" என்று விற்பவர் சொன்னால், நீங்கள் ஏழு மணிக்கே போய்விடுங்கள். முதல் காரியமாக பானெட்டின் மேல் கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால், "இன்னொரு நாள் வருகிறேன்" என்று கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுங்கள். கம்ப்யூட்டரின் ஞாபகத்திலுள்ள கோளாறுகளைப் பார்க்கும் கருவி மெக்கானிக்குகளிடம் உண்டு. முந்தின நாள்தான் அந்த ஞாபகத்தை யாரோ துடைத்திருக்கிறார்கள் என்றால், வண்டி தனக்குத் தானே செய்துகொள்ளும் பரிசோதனைகள் இன்னும் முடியவில்லை என்று அதே கருவி காட்டிக் கொடுத்துவிடும்.

எல்லை தாண்டி வாங்குகிறவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கர்நாடகப் பதிவுள்ள வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால், ஆட்சேபணை இல்லை என்ற சான்றிதழ் பெற்று, வரியும் கட்டி, டி.என். 70 என்ற ஓசூர் எண்ணையோ, டி.என். 24 என்ற கிருஷ்ணகிரி எண்ணையோ வாங்கிக்கொள்ள வேண்டும். விலை மலிவு என்று குதூகலிப்பதற்கு முன்னால் இந்தக் கணக்கையும் காஸ்கெட்டின் கணக்கையும் சேர்த்துக் கூட்டிப் பார்ப்பது நல்லது.

காலம் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. லாரியும் மோபெட்டும் பிறந்த இதே மாவட்டத்தில், 2021 முதல் ஓசூரிலும் போச்சம்பள்ளியிலும் மின்சார ஸ்கூட்டர்கள் உற்பத்தியாகி வருகின்றன. அவற்றுக்குப் புகைக்குழாய் இல்லை, சோக்கு இல்லை, உறுமலும் இல்லை. இன்றைக்கு நமது வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் தங்கள் பேரப்பிள்ளைகளிடம், "எங்கள் காலத்தில் கார்கள் காலையில் இருமும்" என்று சொல்லிச் சிரிக்கக்கூடும். அதுவரையில், பழைய கார் வாங்கப் போகிறவர்களுக்கு நாம் சொல்லக்கூடியது ஒன்றுதான். குளிர்ந்த ஒரு காலையில் போங்கள். ரேடியோவை நிறுத்தச் சொல்லுங்கள். விற்பவரையும் தயவுசெய்து சற்று நேரம் சும்மா இருக்கச் சொல்லுங்கள். பிறகு இரண்டு நிமிஷம் வண்டியைப் பேச விட்டுக் கேளுங்கள்.